ஃபயர்பேஸ், சூப்பாபேஸ், ஆம்ப்ளிஃபை, சொந்த சர்வர்: உங்கள் ஆப்புக்கு எது?

பேக்எண்டுக்கு (ஆப்புக்குப் பின்னால் தரவையும் லாகினையும் கவனிக்கும் பகுதி) எதை எடுப்பது என்று கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே நான்கைந்து ஒப்பீட்டு வீடியோ பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். குழப்பம் குறைந்திருக்காது, கூடியிருக்கும். வசதிகளை வரிசைப்படுத்தினால் எல்லாத் தளமும் ஒன்றுபோலவே தெரிவதுதான் காரணம். லாகின் உண்டா? உண்டு. டேட்டாபேஸ், ஃபைல் சேமிப்பு, ஃபங்ஷன் (தளத்தின் சர்வரில் ஓடும் சிறு கோட்), ரியல்டைம் (மாற்றம் உடனே எல்லோருக்கும் தெரிவது)? எல்லாம் உண்டு. கட்டங்கள் முழுக்க டிக் விழுந்த அட்டவணையைப் பார்த்து யாரும் முடிவெடுக்க முடியாது.

நான் பார்ப்பது வேறு இடத்தை. ஒவ்வொரு தளத்திலும் ஒரு மீட்டர் ஓடுகிறது. அது எதை எண்ணுகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஒன்று வாசித்த ஆவணங்களை எண்ணும், ஒன்று மெஷின் ஓடிய மணி நேரத்தை எண்ணும், ஒன்று ஃபங்ஷன் அழைப்புகளை எண்ணும். அந்த மீட்டருக்குத் தகுந்தபடிதான் நாளைக்கு நீங்கள் கோட் எழுதப் போகிறீர்கள், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

## எதை வைத்து எடை போடுவது

மீட்டர் முதல் அளவுகோல். மாத பில் எவ்வளவு என்பதைவிட, பயனர்கள் இரண்டு மடங்கானால் பில் எத்தனை மடங்காகும் என்பது முக்கியம்.

அடுத்தது தரவின் வடிவம். ஆர்டர், வாடிக்கையாளர், பொருள், கட்டணம் என்று ஒன்றோடொன்று பின்னிய தரவா? அப்படியென்றால் டேபிள்களும், அவற்றை இணைத்துக் கேட்கும் ஜாயினும் வேண்டும். ஒவ்வொரு பயனருக்கும் அவரவர் குறிப்புகள், அவரவர் பட்டியல் என்று தனித்தனியாக நிற்கும் தரவா? ஒவ்வொரு பதிவையும் தனி ஆவணமாக வைக்கும் ஆவண டேட்டாபேஸ் போதும். இதில் தவறினால் பிறகு எந்தத் தளமும் கைகொடுக்காது.

மூன்றாவது, பாதுகாப்புச் சுவர் எங்கே நிற்கிறது என்பது. பழைய முறையில் ஆப்புக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நீங்கள் எழுதிய சர்வர் கோட் நிற்கும். ஃபயர்பேஸிலும் சூப்பாபேஸிலும் ஆப் நேராக டேட்டாபேஸோடு பேசுகிறது. நடுவில் இருப்பது நீங்கள் எழுதும் விதிகள் மட்டும்தான். விதி எழுத மறந்தால் கதவே இல்லாத வீடு.

கடைசியாக இரண்டு: நடுராத்திரியில் ஏதாவது விழுந்தால் யார் எழுந்திருப்பது, தளத்தை விட்டு வெளியேற வேண்டி வந்தால் எதை எடுத்துக்கொண்டு போக முடியும்.

## கணக்குப் போட ஒரு ஆப்

நான்கு வழிகளையும் ஒரே தராசில் வைக்க ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். குழு அரட்டை ஆப். 500 குழுக்கள், ஒவ்வொன்றிலும் 200 பேர். ஒவ்வொருவரும் நாளுக்கு 10 செய்தி போடுகிறார்கள். அதாவது ஒரு குழுவில் நாளுக்கு 2,000 செய்தி, மொத்தம் 10 லட்சம். ஒவ்வொரு செய்தியும் 200 பேரைச் சென்றடைய வேண்டும் என்றால் நாளுக்கு 20 கோடி விநியோகம்.

செய்தி 10 லட்சம்தான், விநியோகம் 20 கோடி. குழுவின் அளவு 200லிருந்து 400 ஆனால் செய்தியும் இரண்டு மடங்கு, பெறுபவர்களும் இரண்டு மடங்கு. ஆக நான்கு மடங்கு. பில் விஷயத்தில் பலர் சறுக்குவது இங்கேதான்.

கீழே வரும் டாலர் கணக்குகள் வெளியிடப்பட்ட கட்டண விகிதங்களை வைத்துப் போட்டவை. பகுதிக்குப் பகுதி மாறும், காலப்போக்கிலும் மாறும். அளவின் வித்தியாசத்தைப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## ஃபயர்பேஸ்

2011இல் தனி நிறுவனமாகத் தொடங்கியதை 2014இல் கூகுள் வாங்கியது. உள்ளே முக்கியமாக இரண்டு டேட்டாபேஸ்கள் உண்டு. பழையது ரியல்டைம் டேட்டாபேஸ், 2017இல் வந்தது ஃபயர்ஸ்டோர். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஃபயர்ஸ்டோரைத்தான் எடுக்கிறார்கள்.

ஃபயர்ஸ்டோரின் மீட்டர் எண்ணுவது ஆவணங்களை. எத்தனை க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) என்பதல்ல, க்வெரியில் எத்தனை ஆவணம் வந்தது என்பது. நாளுக்கு 50,000 வாசிப்பு, 20,000 எழுத்து இலவசம். மேலே போனால் அமெரிக்கப் பல்பகுதி விகிதத்தில் ஒரு லட்சம் வாசிப்புக்கு 6 சென்ட், ஒரு லட்சம் எழுத்துக்கு 18 சென்ட்.

நம் அரட்டை ஆப்பில் 20 கோடி விநியோகமும் 20 கோடி வாசிப்பாகிறது. நாளுக்கு 120 டாலர், மாதம் 3,600. செய்தி வந்த நேரத்தில் ஒருவர் ஆப்பைத் திறந்து வைத்திருக்கவில்லை என்றாலும், பிறகு திறந்து பார்க்கும்போது அதே வாசிப்பு எண்ணப்படும். தப்பிக்க வழியில்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. குழுப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் "படிக்காதவை 7" என்று சின்ன எண் காட்ட ஆசைப்படுவீர்கள். எளிதான வழி என்று ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் எண்ணி ஆவணம் வைத்து, செய்தி வரும்போதெல்லாம் 200 எண்ணிகளையும் ஒன்று கூட்டினால், அது 20 கோடி எழுத்து. நாளுக்கு 360 டாலர். அரட்டையைவிட அந்தச் சின்ன எண்ணுக்கு மூன்று மடங்கு செலவு! அனுபவசாலிகள் கடைசியாகப் படித்த நேரத்தை மட்டும் உறுப்பினர் ஆவணத்தில் வைத்துக்கொண்டு, எண்ணுவதை ஃபோனிலேயே முடித்துவிடுவார்கள். ஃபயர்ஸ்டோரில் நல்ல கோட் என்பது பாதிக்கு மேல் இப்படிச் சிக்கனம் பண்ணும் கலைதான்.

கண்ணில் படாத செலவுகள் இன்னும் சில:

- ஒன்றும் கிடைக்காத க்வெரிக்கும் ஒரு வாசிப்பு எண்ணப்படும்.
- பாதுகாப்பு விதிக்குள் "இவர் குழுவின் உறுப்பினரா" என்று வேறோர் ஆவணத்தைப் பார்த்தால் அதற்கும் தனியாக எண்ணப்படும்.
- கேட்டுக்கொண்டிருக்கும் க்வெரி அரை மணி நேரத்துக்கு மேல் துண்டிக்கப்பட்டால், திரும்ப இணையும்போது புது க்வெரி போட்ட மாதிரி முழுக் கணக்கு.
- ஃபங்ஷன் எழுத வேண்டுமென்றால் இலவசத் திட்டம் போதாது, கார்டு கொடுத்து ப்ளேஸ் திட்டத்துக்கு மாற வேண்டும். 2024 அக்டோபர் இறுதியிலிருந்து புதிதாக ஃபைல் பக்கெட் (ஃபைல் சேமிக்கும் இடம்) திறக்கவும் அப்படித்தான்.
- பட்ஜெட் எச்சரிக்கை வைக்கலாம். அது மின்னஞ்சல் அனுப்பும், அவ்வளவுதான். பில்லை நிறுத்தாது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஃபயர்பேஸ் வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆஃப்லைனில் இதற்கு ஈடு சொல்லத் தயங்குவேன். ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் ஃபயர்ஸ்டோர் தரவை ஃபோனிலேயே வைத்துக்கொண்டு, சிக்னல் இல்லாதபோது எழுதியதைப் பிறகு தானே அனுப்பிவிடும். நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டாம். களத்தில் நின்று கணக்கெடுப்பவர்களுக்கான ஆப், சுரங்கத்துக்குள்ளும் மலைப் பாதையிலும் ஓடும் ஆப் என்றால் இந்த ஒரு வசதியே தீர்ப்பு எழுதிவிடும். மற்ற மூன்று வழிகளிலும் இதே தரத்தைக் கொண்டுவர மாதக்கணக்கில் வேலை இருக்கும்.

ரியல்டைம் டேட்டாபேஸை யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் அதன் மீட்டர் வேறு. ஆவணங்களை எண்ணாது, இறங்கிய டேட்டாவை அளக்கும். யார் ஆன்லைனில் இருக்கிறார், யார் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார் என்பது போன்ற குட்டிக் குட்டித் தகவல் அடிக்கடி மாறும் இடங்களில் அது இன்னும் சரியான தேர்வு.

பின்னிய தரவுக்கு மட்டும் வேண்டாம். இந்த இரண்டு டேட்டாபேஸிலும் ஜாயின் கிடையாது. "கடந்த மூன்று மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் ஆர்டர் ரத்து செய்த வாடிக்கையாளர்கள்" என்று மேலாளர் கேட்டால், தரவை கூகுளின் பகுப்பாய்வுச் சேவையான பிக்குவெரிக்கு ஏற்றுமதி செய்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

## சூப்பாபேஸ்

2020இல் தொடங்கியது. "ஃபயர்பேஸுக்குத் திறந்த மூல மாற்று" என்று விளம்பரப்படுத்திக்கொண்டது. உண்மையில் இரண்டுக்கும் அடித்தளமே வேறு. சூப்பாபேஸின் அடியில் இருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற முழுமையான டேபிள் வகை டேட்டாபேஸ். அதன் மேல் லாகின், ஃபைல், ரியல்டைம், தானாக உருவாகும் ஏபிஐ (ஆப் டேட்டாபேஸோடு பேசும் வழி) என்று அடுக்கியிருக்கிறார்கள்.

மீட்டர் முக்கியமாக மெஷினை எண்ணுகிறது. ப்ரோ திட்டம் மாதம் 25 டாலர், அதில் ஒரு சின்ன மெஷினுக்கான தொகை அடக்கம். ஒரு க்வெரி பத்து வரி படித்தாலும் பத்தாயிரம் வரி படித்தாலும் தனிக் கட்டணம் இல்லை. அதற்குப் பதில் மெஷின் திணறும். ஃபயர்ஸ்டோரில் மோசமான க்வெரி பில்லில் தெரியும், இங்கே வேகத்தில் தெரியும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்: வேகம் குறைந்தால் தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் போட்டுச் சரிசெய்யலாம், போன பணத்தை என்ன செய்வது?

ஆனால் அரட்டை ஆப்பை இதில் வைத்தால் கதை மாறுகிறது. ரியல்டைம் செய்திகளுக்கு மட்டும் தனி மீட்டர் உண்டு. ப்ரோவில் மாதம் 50 லட்சம் செய்தி அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் 2.50 டாலர். பெறுபவர் ஒவ்வொருவரும் ஒரு செய்தியாக எண்ணப்படுவார். 200 பேரும் சதா ஆன்லைனில் இருந்தால் மாதம் 600 கோடி செய்தி, 15,000 டாலர் அளவுக்குப் போகும். ஃபயர்ஸ்டோரைவிட நான்கு மடங்கு! நடைமுறையில் அப்படி இருக்காது. அந்த நேரத்தில் ஆப்பைத் திறந்து வைத்திருப்பவர்கள் மட்டுமே இதில் சேர்வார்கள். மற்றவர்கள் பிறகு திறக்கும்போது சாதாரண க்வெரியில் படித்துக்கொள்வார்கள், அதற்கு எண்ணிக்கைக் கட்டணம் இல்லை. பத்தில் ஒருவர்தான் ஆன்லைன் என்றால் ஏறத்தாழ 1,500 டாலரில் நிற்கும். ஆக, "சூப்பாபேஸ்தான் மலிவு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்களிடம் ஆப்பில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் இருப்பார்கள் என்று கேளுங்கள்.

பணத்தோடு முடியவில்லை. டேபிளில் நடக்கும் மாற்றத்தை நேராகக் கேட்கும் முறையில், ஒரு செய்தி செருகப்பட்டால் கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் "இவர் இதைப் பார்க்கலாமா" என்று டேட்டாபேஸ் தனித்தனியாகச் சோதிக்கிறது. 100 பேர் கேட்டுக்கொண்டிருந்தால் 100 சோதனை. அதனால் சூப்பாபேஸின் வழிகாட்டிப் பக்கங்களே பெரிய அளவுக்கு, டேபிளைக் கவனிக்காமல் செய்தியை நேராக எல்லோருக்கும் அனுப்பும் பிராட்காஸ்ட் முறையைப் பரிந்துரைக்கின்றன.

அப்புறம், வரிசை அளவிலான பாதுகாப்பு. சூப்பாபேஸின் உயிரும் இதுதான், தலைவலியும் இதுதான். ஆப்புக்குள் வைக்கும் பொதுச் சாவியை யார் வேண்டுமானாலும் பிரித்து எடுக்கலாம், அது ரகசியமே இல்லை. எந்த வரிசையை யார் பார்க்கலாம் என்று டேபிளுக்கு டேபிள் கொள்கை எழுதினால்தான் பாதுகாப்பு. எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் மொழி) எழுதி டேபிள் உருவாக்கிவிட்டு இந்தப் பாதுகாப்பை இயக்க மறந்தால் மொத்த டேபிளும் திறந்த வெளி. 2025இல் லவ்வபிள் என்ற ஏஐ கருவி கட்டிக்கொடுத்த ஆப்கள் பலவற்றில் இதே ஓட்டை இருந்தது வெளியே வந்தது. ஃபயர்பேஸும் இதில் விலக்கல்ல: அதே ஆண்டு ஜூலையில் டீ என்ற ஆப்பிலிருந்து திறந்து கிடந்த ஃபயர்பேஸ் சேமிப்பு வழியாக ஏறத்தாழ 72,000 படங்கள் கசிந்தன.

கொள்கை எழுதத் தொடங்கியதும் எல்லோரும் முட்டிக்கொள்ளும் ஒரு சுவர் உண்டு. உறுப்பினர் டேபிளுக்கு "அதே குழுவில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம்" என்று கொள்கை எழுதுவீர்கள். குழுவில் யார் இருக்கிறார் என்று பார்க்க அதே உறுப்பினர் டேபிளைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் திரும்பக் கொள்கை ஓடும், அது திரும்பக் கேட்கும். முடிவில்லாச் சுழற்சி என்று போஸ்ட்கிரெஸ் கையை விரித்துவிடும். உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும் தனி ஃபங்ஷனில் அந்தச் சோதனையை வைத்தால் தீரும். இன்னொன்று: கொள்கையில் பயனர் அடையாளத்தைத் தரும் ஃபங்ஷனை அப்படியே போட்டால் ஒவ்வொரு வரிசைக்கும் அது ஓடக்கூடும். அதை ஒரு செலக்ட்டுக்குள் சுற்றி வைத்து, பயனர் எண் உள்ள நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் போட்டால், பெரிய டேபிள்களில் வேகம் பலமடங்கு கூடும்.

இலவசத் திட்டத்தில் 500 எம்பி டேட்டாபேஸ் கிடைக்கும், ஆனால் ஒரு வாரம் யாரும் தொடாவிட்டால் புராஜெக்ட் உறங்கப் போய்விடும். தானியங்கி பேக்கப்பும் இல்லை. ப்ரோவில் தினசரி பேக்கப் ஏழு நாள்களுக்கு இருக்கும். எந்த நொடிக்கு வேண்டுமானாலும் திரும்பும் வசதிக்கு மாதம் 100 டாலரிலிருந்து தனி. நல்ல விஷயம், செலவு உச்சவரம்பு ப்ரோவில் இயல்பாகவே போட்டிருக்கும். மெஷின் கட்டணம் போன்ற சில மட்டும் அதற்குள் வராது.

தமிழில் தேடல் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பிலிருந்து முழு உரைத் தேடலில் தமிழுக்கும் ஆதரவு உண்டு. விகுதிகளைக் களைந்து வேர்ச்சொல்லைத் தேடப் பார்க்கும். அற்புதம் என்று சொல்ல மாட்டேன், தொடங்குவதற்குப் போதும்.

## ஆம்ப்ளிஃபை

அமேசானின் காக்னிட்டோ (லாகின்), ஆப்சிங்க் (ஏபிஐ, ரியல்டைம்), டைனமோடிபி (டேட்டாபேஸ்), லாம்டா (ஃபங்ஷன்) ஆகியவற்றை ஒரு பொட்டலமாகக் கட்டித் தருவது. பொட்டலம் அழகாகத்தான் இருக்கிறது, குறிப்பாக 2024இல் வந்த இரண்டாம் தலைமுறை. ஆனால் ஏதாவது உடைந்தால் பொட்டலத்தைப் பிரித்து உள்ளே இருக்கும் நான்கு சேவைகளையும் தனித்தனியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

மீட்டர் ஒன்றல்ல, பல. லாம்டா அழைப்பு மாதம் 10 லட்சம் இலவசம், டைனமோடிபி சேமிப்பு 25 ஜிபி இலவசம். ஆப்சிங்கில் 10 லட்சம் க்வெரிக்கு 4 டாலர், 10 லட்சம் ரியல்டைம் செய்திக்கு 2 டாலர். நம் அரட்டை ஆப்பில் பத்தில் ஒருவர் ஆன்லைன் என்ற கணக்குப்படி ரியல்டைமுக்கு மட்டும் மாதம் 1,200 டாலர், இணைப்பு நிமிடங்களும் க்வெரிகளும் தனி.

பில்லில் எதிர்பாராமல் வருபவை: லாக் சேமிப்பு, வெளியே போகும் டேட்டா, அப்புறம் நேட் கேட்வே. லாம்டாவைத் தனியார் நெட்வொர்க்குக்குள் வைத்து அங்கிருந்து இணையத்தைத் தொட வேண்டும் என்றால் பொதுவாக இது தேவைப்படும். ஒரு பைட்டும் போகாவிட்டாலும் மணிக்கணக்கு ஓடி மாதம் 32 டாலர் அளவுக்கு வந்துவிடும்.

காக்னிட்டோவில் இரண்டு பொறி. கட்டாயப் புலம் எது என்று முதலில் சொன்னதைப் பிறகு மாற்ற முடியாது. கடவுச்சொற்களின் ஹாஷை (கடவுச்சொல்லை மறைத்துச் சேமிக்கும் வடிவம்) வெளியே எடுக்கவும் முடியாது. பயனர்களை வேறிடத்துக்கு மாற்றினால், அவர்கள் புதிதாகக் கடவுச்சொல் வைக்க வேண்டும் அல்லது லாகின் செய்யும்போது ஒவ்வொருவராக நகர்த்த வேண்டும்.

டைனமோடிபி என்னவோ அசுரன்தான். எத்தனை கோடி வரிசை ஏறினாலும் அதே வேகம். ஆனால் என்னென்ன கேள்விகள் கேட்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை திசை மாறும் புது ஆப்புக்கு அது தோதுப்படாது. நிறுவனமே அமேசானில் இருக்கிறது, தணிக்கை, அனுமதி எல்லாம் அங்கேயே முடிந்திருக்கிறது, கூடவே அதில் கைதேர்ந்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்றால் எடுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

## சொந்த சர்வர்

ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்து, போஸ்ட்கிரெஸும் உங்கள் கோடும் ஓடவிடுவது. மீட்டர் எண்ணுவது மாதத்தை. பயனர் ஒருவர் வந்தாலும் ஒரு லட்சம் பேர் வந்தாலும், மெஷின் தாங்கும் வரை அதே வாடகை.

எவ்வளவு தாங்கும்? நம் அரட்டை ஆப்பின் 10 லட்சம் செய்தியை 86,400 நொடிகளால் வகுத்தால் நொடிக்குப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஆன்லைனில் உள்ள 20 பேருக்குப் போனால் நொடிக்கு 240 அனுப்பல். மாலை நெரிசலில் பத்து மடங்கு கூடினாலும் 2,400. ஒரு சாதாரண மெஷினே இதைச் சமாளித்துவிடும். 2012 தொடக்கத்தில் வாட்ஸ்அப் ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கியதாக எழுதியது. அவர்கள் எர்லாங் என்ற நிரல் மொழியில் தேர்ந்தவர்கள், நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம். மற்ற தளங்களில் ஆயிரக்கணக்கான டாலர் ஆகும் வேலை இங்கே ஒரு மெஷின் வாடகைக்குள் முடிந்துவிடும் என்பதைக் கவனித்தால் போதும்.

அப்படியென்றால் ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை? வேலை ஆள் மேல் விழுகிறது. பாதுகாப்புப் புதுப்பிப்பு, டிஸ்க் நிறைகிறதா என்ற கண்காணிப்பு, 90 நாளில் காலாவதியாகும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் (இணைப்பைப் பாதுகாப்பது) தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்ற சோதனை, கடவுச்சொல் மறந்தவருக்கு மின்னஞ்சல், அந்த மின்னஞ்சல் ஸ்பேமுக்குப் போகாமல் பார்ப்பது. போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளைத்தான் அனுமதிக்கும், கோடில் இணைப்புகளைத் திறந்துவிட்டு மூடாமல் போனால் அதுவும் ஒரு நாள் ராத்திரி நிறைந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேல் பேக்கப். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப் வழிகள் பல இருந்தும் பெரும்பாலானவை வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அனுபவமுள்ள ஒரு குழுவுக்கே அந்த நிலை. பேக்கப் எடுப்பது வேலையில் பாதி, மாதம் ஒரு முறை அதை வேறொரு மெஷினில் மீட்டுப் பார்ப்பது மறுபாதி.

இடைப்பட்ட வழியும் உண்டு. ரெண்டர், ரயில்வே, ஹெரோகு போன்றவை உங்கள் கோடை வாங்கி ஓட்டும், டேட்டாபேஸையும் கவனித்துக்கொள்ளும். மெஷினை வாடகைக்கு எடுப்பதைவிட விலை கூடுதல், தலைவலி குறைவு. இலவசத் திட்டத்தை நம்பி மட்டும் இறங்க வேண்டாம். ஹெரோகு 2022 நவம்பரில் அதை மூடியது.

## ஒரே பார்வையில்

| | ஃபயர்பேஸ் | சூப்பாபேஸ் | ஆம்ப்ளிஃபை | சொந்த சர்வர் |
|---|---|---|---|---|
| மீட்டர் எண்ணுவது | வாசித்த, எழுதிய ஆவணம் | மெஷின், ரியல்டைம் செய்தி, வெளியேறும் டேட்டா | ஒவ்வொரு சேவைக்கும் ஒன்று | மாத வாடகை |
| பின்னிய தரவு | கஷ்டம் | இயல்பு | திட்டமிட்டால் முடியும் | இயல்பு |
| ஆஃப்லைன் | தானாக வரும் | நீங்களே கட்ட வேண்டும் | முயற்சி தேவை | நீங்களே கட்ட வேண்டும் |
| பாதுகாப்புச் சுவர் | விதிகள் | வரிசைக் கொள்கைகள் | விதிகளும் அனுமதிகளும் | உங்கள் கோட் |
| இரவு வேலை | கிட்டத்தட்ட இல்லை | கொஞ்சம் | கொஞ்சம் | முழுக்க உங்களுடையது |
| அரட்டை ஆப், மாதம் | சுமார் 3,600 டாலர் | சுமார் 1,500 டாலர் | 1,200 டாலருக்கு மேல் | மெஷின் வாடகை |
| வெளியேறுவது | தரவு வரும், வடிவம் மாற்ற வேண்டும் | எளிது | லாகின் சிக்கும் | எளிது |

"இரவு வேலை இல்லை" என்பதற்கு ஒரு பொருள் விளக்கம். தளம் விழாது என்று அல்ல. விழுந்தால் நீங்கள் செய்ய எதுவும் இல்லை என்று. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வடக்கு வர்ஜீனியா பகுதியில் டைனமோடிபியின் முகவரிப் பதிவில் வந்த கோளாறு உலகம் முழுக்கப் பல ஆப்களை முடக்கியது. அன்று சரிசெய்யும் வேலை அமேசான் பொறியாளர்களுக்கு. வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை ஆப் வைத்திருந்தவர்களுக்கு.

## யார் எதை எடுக்கலாம்

தனி ஆளாக மொபைல் ஆப் செய்கிறீர்கள், தரவு பயனருக்குப் பயனர் தனித்தனி, சிக்னல் இல்லாமலும் ஓட வேண்டும்: ஃபயர்பேஸ். யோசிக்கவே வேண்டாம்.

முன்பதிவு, விற்பனை, கணக்கு, பள்ளி நிர்வாகம் போல அறிக்கை கேட்கும் ஆப், இரண்டு மூன்று பேர் குழு, எஸ்கியூஎல் தெரியும் அல்லது கற்கத் தயார்: சூப்பாபேஸ். வருகிற கேள்விகளில் பெரும்பாலானவை உண்மையில் இந்த வகைதான், கேட்பவர் அதை "ரியல்டைம் ஆப்" என்று நினைத்துக்கொண்டிருந்தாலும். பக்கத்தை இழுத்துப் புதுப்பித்தால் போதும் என்கிற இடத்தில் ரியல்டைம் தேவையே இல்லை.

விநியோகம் பெருகும் ஆப், அரட்டை, நேரடி விளையாட்டு, வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் வரைபடம்: ரியல்டைம் பகுதிக்கு மட்டுமாவது சொந்த சர்வர். மற்றதை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள்.

சரி, இன்னும் யோசனையே தெளிவாகவில்லை, யாராவது பயன்படுத்துவார்களா என்றே தெரியாது என்றால்? உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எதையாவது எடுங்கள். நூறு பயனர் வரும் வரை நான்கிலும் பில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

## வெளியேறும் கதவும் கலவையும்

பார்ஸ் என்ற இதே போன்ற பேக்எண்ட் தளத்தை 2013இல் ஃபேஸ்புக் வாங்கியபோது இனி அசைக்க முடியாது என்று பலர் நினைத்தார்கள். 2016 ஜனவரியில் மூடுவதாக அறிவித்து, 2017 ஜனவரி இறுதியில் நிறுத்தினார்கள். ஒரு வருட அவகாசமும், திறந்த மூலமாக விடப்பட்ட சர்வர் கோடும்தான் பலரைக் காப்பாற்றின. ஃபானா என்ற டேட்டாபேஸ் சேவை 2025 மே மாதத்தோடு நின்றது. மோங்கோடிபியின் சாதன ஒத்திசைவு சேவையும் அதே ஆண்டு செப்டம்பரில் முடிந்தது. பெரிய பெயர் என்பது உத்தரவாதமல்ல.

தரவை எடுப்பது பெரும்பாலும் எங்கும் முடியும். கடினம் லாகினில்தான். ஃபயர்பேஸ் கடவுச்சொல் ஹாஷையும் அதற்கான அளவுருக்களையும் ஏற்றுமதி செய்ய விடுகிறது, ஆனால் அது தன் விருப்பத்துக்கு மாற்றிய ஸ்க்ரிப்ட் (scrypt) என்ற ஹாஷ் முறை என்பதால் புது இடத்தில் அதைச் சரிபார்க்கும் கோட் வேண்டும். சூப்பாபேஸில் பயனர்கள் உங்கள் போஸ்ட்கிரெஸ் டேபிளிலேயே, பரவலாகப் புழங்கும் பிக்ரிப்ட் ஹாஷோடு இருக்கிறார்கள். காக்னிட்டோ பற்றி மேலேயே சொல்லியாயிற்று.

ஒன்றையே எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஃபயர்பேஸின் புஷ் அறிவிப்பும், ஆப் எங்கே முறிகிறது என்று சொல்லும் கிராஷ்லிட்டிக்ஸும் இலவசம், டேட்டாபேஸ் எங்கே இருந்தாலும் அவற்றைப் பயன்படுத்தலாம். சூப்பாபேஸோடு இவை இரண்டையும் சேர்த்து ஓட்டுபவர்கள் நிறையப் பேர்.

ஃபோன் ஓடிபி லாகினை மட்டும் தொடக்கத்திலேயே யோசித்து முடிவெடுங்கள். எந்தத் தளமாக இருந்தாலும் ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் காசு. போலி எண்களுக்கு ஆயிரக்கணக்கில் ஓடிபி அனுப்பவைத்து, வழியில் உள்ள தொலைபேசி நிறுவனத்தோடு லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் மோசடிக் கும்பல்கள் இருக்கின்றன. உங்களுக்குப் பயனர்களே இல்லாத நாடுகளுக்குக் குறுஞ்செய்தி போவதை அமைப்பிலேயே அடைத்துவிடுங்கள். ஒரே எண்ணுக்கும் ஒரே ஐபி முகவரிக்கும் எத்தனை முறை அனுப்பலாம் என்ற வரம்பையும் ஆப்பை வெளியிடுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.